ஒருத்தி தட்ட, ஒருத்தி சொடுக்க

லூர்துராணிக்குக் கீபோர்டு தெரியும். இருசம்மாளுக்கு மௌஸ் தெரியும். இரண்டு பேரையும் ஒரு கணினியின் முன்னால் சேர்த்து உட்கார வைத்துவிட்டால் போதும், அந்தக் கூடத்தில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ராணியின் விரல்கள் ஒரு பெயரையும் ஊரையும் தட்டி முடிக்கும்போது இருசம்மாளின் அம்பு அடுத்த கட்டத்தில் போய் நின்றிருக்கும். ஒருத்தி "ம்" என்பாள். மற்றவளும் "ம்" என்பாள். அதற்கு மேல் பேச்சே தேவைப்படாது. பின்னால் நின்று திரையைப் பார்க்கும் கமலினிக்கு ஒரே ஆள் வேலை செய்வது போலத்தான் தோன்றும்.

கமலினிதான் அவர்களுடைய டீச்சர். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்காரப் பெண். வார நாட்களில் வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பாள். சனி, ஞாயிறு வந்தால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கொள்ளிடக் கரையோரக் காலனியின் சமுதாயக் கூடத்துக்கு வந்துவிடுவாள். அங்கே கல்யாணப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த அறையில் பாதியை ஒழித்து, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட நான்கு கணினிகளைக் கெஞ்சி வாங்கிவந்து வைத்திருந்தாள். படிக்க வந்தவர்கள் எல்லாரும் சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற பெண்கள். கணினியை விடப் பெண்கள் அதிகம் என்பதால், இரண்டு பேருக்கு ஒன்று என்று பங்கு பிரித்தாள்.

பெண்கள் அதை இன்னும் ஒரு தடவை பங்கு பிரித்துக்கொண்டார்கள். அது கமலினிக்குத் தெரியாது.

கட்டட வேலையில் சித்தாள் ஒற்றையாகப் போவதில்லை. ஒருத்தி கலவையை அள்ளிச் சட்டியில் போட வேண்டும். இன்னொருத்தி அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். காலையில் திருவானைக்காவல் முக்கில் போய் நின்றால், மேஸ்திரி வண்டியை விட்டு இறங்கும்போதே "ஜோடி யாரு?" என்றுதான் கேட்பார். ஜோடி இல்லாதவள் சோற்றுத் தூக்கோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ராணியும் இருசம்மாளும் வருஷக்கணக்காக ஜோடி. ராணி அள்ளிப் போடுவாள், இருசம்மாள் சுமப்பாள். கணினி முன்னால் உட்கார்ந்த முதல் நாளும் அப்படியே நடந்தது. "எழுத்த நீ பாத்துக்க, இத நான் பாத்துக்குறேன்" என்று இருசம்மாள் மௌஸைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். பிளஸ் டூ வரை படித்திருந்த ராணிக்கும் அதுதான் தோதாக இருந்தது. எட்டாவதோடு நின்றுபோன இருசம்மாளுக்கு இங்கிலீஷ் எழுத்தைக் கண்டால் உள்ளுக்குள் நடுக்கம் என்பது ராணிக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவே பேசாமல் விட்டவைதான் அதிகம். அதனால்தான் இந்த ஜோடி இத்தனை காலம் நிலைத்திருக்கிறது என்று ராணி சில சமயம் நினைத்துக்கொள்வாள்.

அந்தச் சனிக்கிழமை கமலினி ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள். புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், வருகிற நோயாளிகளின் விவரங்களைக் கணினியில் பதிகிற கவுண்டருக்கு ஆள் வேண்டுமாம். அவளோடு கல்லூரியில் படித்த ஷஹனாஸ்தான் அங்கே அலுவலகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். பட்டம் கிட்டம் எதுவும் கேட்க மாட்டாள், பிழையில்லாமல் வேகமாகப் பதிந்தால் போதும். திங்கட்கிழமை காலையில் இரண்டு பேரை அனுப்பு, ஒரு பரீட்சை வைத்து ஒருவரை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாளாம்.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மாதச் சம்பளமா, உட்கார்ந்த இடத்திலேயே வேலையா, தலைக்கு மேல் ஃபேன் இருக்குமா என்று ஆளுக்கொரு கேள்வி. யார் அந்த இரண்டு பேர் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அது ஊருக்கே தெரிந்த விஷயம்.

ராணி தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்டு அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. நுனிகள் எல்லாம் வெடித்து, ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவினால் தீயாக எரியும். இனிமேல் சிமெண்டைத் தொடாதீர்கள், தொட்டால் கையே வீணாகிவிடும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். தொடாமல் எப்படிச் சாப்பிடுவது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. இந்த வேலை எனக்கு வேண்டும் என்று அவள் மனசு சொன்னது. அது அவ்வளவு பலமாகச் சொன்னதில், பக்கத்தில் இருந்த இருசம்மாளுக்குக் கேட்டுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தாள். இருசம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை மாதிரியே ஒரு தடவை செய்து பார்த்துவிடலாம் என்று கமலினி இருவரையும் தனித்தனிக் கணினியில் உட்கார வைத்தாள்.

ராணி இரண்டு கைகளையும் கீபோர்டின் மேல் வைத்துக் காத்திருந்தாள். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. பழக்க தோஷத்தில் பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்து, "தொற அக்கா" என்றாள். எதிர் மூலையில் இருசம்மாள் எல்லாவற்றையும் ஒரு நொடியில் திறந்து வைத்துவிட்டு, 'பெயர்' என்ற கட்டத்தில் மின்னிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தபடி கைகட்டி உட்கார்ந்திருந்தாள்.

கமலினி ராணியைப் பார்த்தாள். இருசம்மாளைப் பார்த்தாள். பிறகு மெதுவாக மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். பானுமதி என்கிற பெண் தரையைப் பார்த்துக்கொண்டே, தனக்கும் மௌஸ் பிடிக்க வராது, அது தன் ஜோடியின் வேலை என்றாள். அவளுக்கு அடுத்தவளும் அதையே சொன்னாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பாதிப் பாதிதான்.

கவிழ்த்து வைத்திருந்த ஒரு அண்டாவின் மேல் கமலினி உட்கார்ந்துவிட்டாள். பதற்றம் வந்தால் அவள் பேச்சில் வீட்டுத் தமிழ் எட்டிப் பார்க்கும்.

"நான் ஸ்கிரீனை மட்டுமே பாத்துண்டு இருந்திருக்கேன். உங்க கையைப் பார்க்கவே இல்லை."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது அடுத்தவளுக்குத் தொற்றி, கூடம் முழுக்கப் பரவி, அடுக்கி வைத்திருந்த பாத்திரங்கள் வரை அதிர்ந்தது. கடைசியில் கமலினியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அதுக்கு ஏன் மிஸ் மூஞ்சியத் தொங்கப்போடுறீங்க?" என்றாள் இருசம்மாள். "இன்னைக்கும் நாளைக்கும் கெடக்குல்ல. நான் அவளுக்குச் சொல்லித் தரேன், அவ எனக்குச் சொல்லித் தரட்டும். திங்கக்கிழமை ரெண்டு முழு ஆளா போறோம்."

அப்படித்தான் அந்த இரண்டு நாட்கள் தொடங்கின. ராணிக்குத் தன் வாழ்க்கையில் அப்படி ஒரு பரபரப்பு நேர்ந்ததாக நினைவில்லை. கல்யாணத்துக்கு முந்தின நாள் கூட அவள் நன்றாகத் தூங்கியவள்.

முதலில் மௌஸ். அதைத் தொட்டதும் அம்பு திரையின் ஓரத்துக்கு ஓடி மறைந்தது.

"எங்கக்கா போச்சு அது?"

"திருவெறும்பூர் போயிருக்கும். பஸ் புடிச்சுக் கூட்டியா." இருசம்மாள் அவள் மணிக்கட்டைத் தட்டினாள். "இது என்ன மம்பட்டியாடி? இந்தப் புடி புடிக்கிற. தூங்குற புள்ள தலையில கை வைக்கிற மாதிரி வையி."

வைத்தாள். அம்பு நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தது. ஒரு படத்தின் மேல் அதைக் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் ராணிக்கு முதுகு வியர்த்துவிட்டது. இரண்டு தடவை அழுத்த வேண்டிய இடத்தில் ஒரு தடவை அழுத்தினாள். ஒரு தடவை அழுத்த வேண்டிய இடத்தில் மூன்று தடவை அழுத்தி, ஒரே கோப்பை மூன்று முறை திறந்து வைத்தாள். இருசம்மாள் பின்னால் நின்றுகொண்டு அவள் தோளில் விரலால் தட்டித் தாளம் போட்டாள்: டக், டக்டக். டக், டக்டக். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற நேரத்தில், தோளில் விழுந்த தாளம் ராணியின் விரலுக்கு இறங்கிவிட்டது. அம்பு அவள் நினைத்த இடத்தில் நின்றது. அவள் ஒரு கட்டத்தைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். சாப்பிட வா என்று கூப்பிட்டவர்களிடம் இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பிறகு கீபோர்டு.

"ஏ, பி, சின்னு வரிசையா வெக்காம, இத எந்த மேஸ்திரிடி கட்டுனது?" என்று கேட்டாள் இருசம்மாள். கூடமே சிரித்தது. ஆனால் அவள் ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு எழுத்தைத் தேடத் தொடங்கியபோது அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. விரல் மேலே போயிற்று, கீழே வந்தது, கண்ணுக்கு எதிரே இருந்த எழுத்தைத் தாண்டிப் போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தேடினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்து தேடினாள். ராணி பக்கத்தில் உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த எல்லா வழியிலும் சொல்லிப் பார்த்தாள். எந்த விரல் எந்த எழுத்துக்கு என்று கையைப் பிடித்து வைத்துக் காட்டினாள். ஒரு எழுத்தைக் கூடத் தன்னிடம் மிச்சம் வைத்துக்கொள்ளாமல் கொடுத்தாள்.

கொடுக்கக் கொடுக்கத்தான் ஒன்று அவளுக்கு உறைத்தது. மௌஸ் கைப்பழக்கம், ஒரு பொழுதில் வந்துவிட்டது. எழுத்து அப்படி வராது. அது படிப்போடு சேர்ந்து வருஷக்கணக்கில் ஊறியிருக்க வேண்டும். இருசம்மாள் தன் கையில் இருந்ததை முழுதாகத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். ராணி என்ன கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. நாளைக்கு யார் ஜெயிப்பார்கள் என்பது இப்போதே முடிவாகிவிட்டது. தான் ஜெயித்தால், செவ்வாய்க்கிழமை காலையில் அந்த முக்கில் இருசம்மாள் ஒற்றையாக நிற்பாள். மேஸ்திரி வண்டியை விட்டு இறங்குவார்.

சாயங்காலம் இருவரும் கூடத்துப் படிக்கட்டில் டீயோடு உட்கார்ந்தார்கள். கொள்ளிடத்துப் பக்கமிருந்து காற்று அடித்தது. டீ ஆறி, மேலே ஆடை படிந்தது. ராணி குடிக்கவில்லை. கூடத்துக்குள்ளே பானுமதி தன் ஜோடியிடம் மௌஸுக்காகச் சண்டை போடுவது கேட்டது. அது ஓய்ந்தது. ஆற்று மணலில் கட்டியிருந்த மாடு ஒன்று எழுந்து, இடம் மாறிப் படுத்துக்கொண்டது. அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் இருசம்மாள் வாயைத் திறந்தாள்.

"நீ என்ன நெனைக்கிறன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு மட்டும் எனக்காக வெரல மெதுவா ஓட்டுனேன்னு வையி, அப்புறம் நான் உன் மொகத்துல முழிக்க மாட்டேன்."

"இல்லக்கா."

"என்ன இல்ல? உன்னை ஜெயிக்கிறதுன்னா ஒழுங்கா ஜெயிக்கணும்டி. நீ விட்டுக் குடுத்து எனக்கு ஒண்ணும் வேணாம்." சொல்லிவிட்டு ராணியின் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டாள்.

திங்கட்கிழமை புத்தூரில் அந்த மருத்துவமனையின் மாடியறையில் இரண்டு கணினிகள் முன்னும் பின்னுமாக இருந்தன. முன்னால் இருந்ததில் ராணி, பின்னால் இருந்ததில் இருசம்மாள். ஷஹனாஸ் கெடுபிடியான ஆள் இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள், நாற்காலியின் உயரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள், இருவர் முன்னாலும் ஒரே அளவு சீட்டுகளை வைத்தாள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு நோயாளியின் பெயர், வயது, ஊர், போன் நம்பர், எந்தப் பிரிவு டாக்டரைப் பார்க்க வேண்டும் என்ற விவரம். நான் நிறுத்தச் சொல்லும் வரை பதிந்துகொண்டே இருங்கள், பேசக் கூடாது, அவ்வளவுதான் என்றாள்.

ராணியின் வலது கை மௌஸின் மேல் போய் உட்கார்ந்தது. திறந்தாள். திறந்தது. முதல் சீட்டு முடிந்தது, இரண்டாவது முடிந்தது. தட்டுவதும் தானே, சொடுக்குவதும் தானே என்பது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. அந்த மிதப்பில் பிரிவுகளின் பட்டியலில் அம்பு ஒரு வரி வழுக்கியதை அவள் கவனிக்கவில்லை. பதிந்த பிறகுதான் திரை காட்டியது. முசிறி பெரியண்ணன், வயது எழுபத்திரண்டு, மகப்பேறு பிரிவு.

சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. திருத்துவதற்கு ஒரு சின்னப் பென்சில் படம் இருக்கிறது. இருசம்மாள் அதைச் சொடுக்குவதை ராணி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இப்போது அது கண்ணில் பட்டது, கைக்கு அகப்படவில்லை. அம்பு அதைத் தாண்டிப் போயிற்று. திரும்பி வந்து மறுபடியும் தாண்டியது. பெரியவர் பிரசவ வார்டிலேயே கிடந்தார்.

அப்போது பின்னாலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டக், டக்டக். இருசம்மாள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் ராணியின் தோள் அதைக் கேட்டுக்கொண்டது. அவள் மூச்சை விட்டாள். பிடியைத் தளர்த்தினாள். அம்பு பென்சிலின் மேல் நின்றது. பெரியண்ணன் இதயப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு அவள் தடுமாறவில்லை. லால்குடி, மண்ணச்சநல்லூர், துறையூர், கே.கே. நகர் என்று ஊர்கள் விரலுக்கடியில் ஓடின. சீட்டுக் கட்டு கண்ணெதிரே இளைத்தது. ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது போல இருந்தது அவளுக்கு.

அந்த வேகத்துக்கு நடுவில்தான் பின்னால் இருந்த நிசப்தம் கேட்கத் தொடங்கியது. மௌஸ் சத்தம் நின்றுபோயிருந்தது. ஒரு எழுத்து விழுந்தது. நீண்ட இடைவெளி. இன்னொரு எழுத்து. மறுபடியும் இடைவெளி. அந்த இடைவெளியில் ஒற்றை விரல் மேலும் கீழுமாக அலைவதை ராணி திரும்பிப் பார்க்காமலே பார்த்தாள். அவள் அறியாமல் அவளுடைய விரல்கள் தளர்ந்தன. தளர்ந்து, ஒரு எழுத்தின் மேல் அப்படியே நின்றுவிட்டன.

பின்னால் ஒரு இருமல். இருமலோடு சேர்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை.

"தட்டுடி."

ஷஹனாஸ் நிமிர்ந்து பார்த்தாள். பேசக் கூடாது என்று சொன்னேனே என்றாள்.

"இருமல்ங்க மேடம்" என்றாள் இருசம்மாள். "சிமெண்டு தூசி."

ராணி தட்டினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு திரை கலங்கியது, அப்படியும் தட்டினாள். நிறுத்துங்கள் என்று ஷஹனாஸ் சொன்னபோது அவள் முன்னால் சீட்டே இல்லை.

ஷஹனாஸ் இரண்டு திரைகளையும் பொறுமையாகச் சரிபார்த்தாள். ராணியிடம், நாளைக் காலையிலேயே வேலைக்கு வந்துவிட முடியுமா என்று கேட்டாள். ராணி வேகமாகத் தலையாட்டினாள். பிறகு ஷஹனாஸ் இருசம்மாள் பக்கம் திரும்பி, உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"உங்க வேகம் பத்தாதுங்க. ஆனா போட்ட வரைக்கும் ஒரு தப்பு கூட இல்ல. விடாம கத்துக்கோங்க."

சத்திரம் பஸ் நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி உட்கார்ந்தார்கள். ராணிக்குச் சந்தோஷம்தான். ஆனால் அதை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. கண்டக்டர் வந்து போனார். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோதுதான் அவளால் கேட்க முடிந்தது.

"நாளைக்கு நீ யாரோடக்கா நிப்ப?"

இருசம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆற்றில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"பானுமதிகிட்ட நேத்தே சொல்லி வெச்சுட்டேன். அவ ஜோடி மாசமா இருக்கா, இனிமே சட்டி தூக்க முடியாது. என்ன, நாள் பூரா தொணதொணன்னு பேசுவா. உன்னைய மாதிரி ஊமைக்கோட்டான் எனக்கு எங்க கெடைக்கும்?"

"நேத்தேவா?"

"உன் வெடிச்ச வெரல நான் பாக்கலைன்னு நெனைச்சியா? போடி."

ராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருசம்மாள் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தாள். பிறகு உதறினாள். போனைக் கொடு, மிஸ் அங்கே காத்துக்கொண்டிருக்கும் என்று ராணியின் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். ஒரே மணியில் கமலினி எடுத்துவிட்டாள்.

"மிஸ், நான் இருசு பேசுறேன். ஆறு சீட்டு போட்டேன் மிஸ். ஒத்த ஆளா. எழுத்தும் நான்தான், மௌஸும் நான்தான். ஒரு தப்பு கூட இல்லைன்னு அந்தம்மாவே சொல்லிருச்சு." பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலை இன்னும் உயர்த்தினாள். "இனிமே எனக்குன்னு தனியா ஒரு கம்ப்யூட்டர் வேணும், சொல்லிட்டேன். பக்கத்துல எவளும் உக்காரக் கூடாது. துறையூர்ன்னு ஒரு ஊரு வந்துச்சு மிஸ், அத நான் கீபோர்டப் பாக்காமலே... யாரு, ராணியா?"

ராணி சிரித்துக்கொண்டே முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"அவளுக்கு என்ன மிஸ், வேலை கெடைச்சிருச்சு, நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க." போனுக்குள்ளிருந்து எழுந்த கூச்சல் அடங்கும் வரை இருசம்மாள் அதைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தாள். பிறகு மறுபடியும் காதில் வைத்தாள். "சரி, அத விடுங்க. அந்தத் துறையூர் சீட்ட முழுசா கேளுங்க மிஸ்."